சுவர் இருக்கட்டும், சாவி நம் கையில் இருக்கட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்களுக்குச் சில வாரங்களிலேயே ஓர் உண்மை தெரிந்துவிடும். இணையத்தில் கோடிக்கணக்கான தளங்கள் இருந்தாலும், நாம் தினமும் பார்ப்பது ஆறு அல்லது ஏழுதான். மின்னஞ்சல், செய்தித்தாள், வானிலை, ரயில் நேரம், தங்கம் விலை, வங்கிக் கணக்கு என்று பட்டியல் முடிந்துவிடுகிறது. இவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கட்டம் கட்டமாக அமைத்துக்கொண்டால் என்ன என்று அடுத்ததாகத் தோன்றும். கார் ஓட்டுபவரின் கண் முன்னே வேகம், பெட்ரோல் அளவு, என்ஜின் சூடு எல்லாம் ஒரே பலகையில் தெரிகின்றன அல்லவா? அதைப் போன்ற பக்கம் என்பதால்தான் இதற்கும் டேஷ்போர்டு என்று பெயர் வந்தது.

ஆசை நியாயமானதுதான். கொஞ்சம் எச்.டி.எம்.எல். கற்றவர்களும், இதற்கென உள்ள இலவச புரோகிராம்களைப் பயன்படுத்துபவர்களும் முயற்சி செய்து பார்க்கின்றனர். ஒரு கட்டத்தில் வானிலை வருகிறது. இன்னொன்றில் மேப் வருகிறது. மூன்றாவதில் யூ ட்யூப் வீடியோ ஓடுகிறது. ஆனால் மின்னஞ்சல் தளத்தின் முகவரியைத் தந்தால் கட்டம் சாம்பல் நிறமாகி, இந்தத் தளம் இணைய மறுத்துவிட்டது என்ற செய்தி கிடைக்கிறது. வங்கியின் முகவரியைத் தந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். சரி, வந்த கட்டங்களையாவது ஒன்றோடு ஒன்று பேச வைக்கலாம், ஒரு கட்டத்தில் தெரியும் தொகையை அடுத்த கட்டத்தில் உள்ள வீட்டுக் கணக்கில் சேர்க்கலாம் என்று பார்த்தால் அதுவும் நடப்பதில்லை. கண்ணுக்கு எதிரே எண் தெரிகிறது. பக்கத்துக் கட்டத்திற்கு அது போவதில்லை.

உடனே கம்ப்யூட்டரில் கோளாறு, பிரவுசரில் கோளாறு என்ற முடிவுக்கு வருகின்றனர். சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, இந்தத் தடையை நீக்கித் தருவதாகச் சொல்லும் எக்ஸ்டன்ஷன் புரோகிராம்களைத் தேடி எடுத்துப் பதிந்துகொள்கின்றனர்.

கோளாறு எதுவும் இல்லை. அது உங்களுக்காகவே கட்டப்பட்ட சுவர். அதை இடிக்கக் கூடாது என்பது என் கருத்து. அதே சமயம், சுவர் இருக்கிறது என்று சொல்லி நம்முடைய தகவல்களை நமக்கே எட்டாமல் செய்வதையும் ஏற்க முடியாது. சுவரில் கதவு வேண்டும். அந்தக் கதவின் சாவி தளத்தை நடத்தும் நிறுவனத்திடம் மட்டும் இல்லாமல், தகவலுக்கு உரியவரான நம்மிடம் இருக்க வேண்டும். இதை விளக்கவே இக்கட்டுரை.

பழைய ஆசைதான்

எல்லாம் ஒரே பக்கத்தில் என்ற எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. யாஹூ நிறுவனம் 1996ல் மை யாஹூ என்ற பக்கத்தைத் தந்தது. 2005ல் நெட்வைப்ஸ் தொடங்கியது. அதே ஆண்டில் கூகுள் தன் முகப்புப் பக்கத்தை அவரவர் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் வசதியை அளித்து, 2007ல் அதற்கு ஐகூகுள் எனப் பெயரிட்டது. அன்று கம்ப்யூட்டர் பயன்படுத்தத் தொடங்கிய பலருக்கு, பிரவுசரைத் திறந்ததும் கடிகாரமும் காலண்டரும் செய்தித் தலைப்புகளும் வரிசையாகத் தெரிந்தது பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. 2013 நவம்பர் 1 அன்று கூகுள் இதனை மூடிவிட்டது.

விண்டோஸ் விஸ்டாவில் இதே எண்ணம் டெஸ்க்டாப்பிற்கு வந்தது. திரையின் வலது பக்கம் சைட்பார் என்ற பட்டையில் கேட்ஜட் எனப்படும் சிறு கட்டங்கள் அமர்ந்திருந்தன. இவையும் எச்.டி.எம்.எல். மற்றும் ஜாவா ஸ்கிரிப்ட் கொண்டு எழுதப்பட்டவைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இணையப் பக்கத்தைச் சுற்றி பிரவுசர் எழுப்பும் சுவர் இவற்றைச் சுற்றி இல்லை. விளைவு என்ன? 2012 ஜூலையில் மைக்ரோசாப்ட் நிறுவனமே பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றை வெளியிட்டு, சைட்பாரையும் கேட்ஜட்களையும் முழுமையாக நிறுத்திவிடும்படி கூறியது. மோசமான கேட்ஜட் ஒன்றைப் பதிந்துவிட்டால், நீங்கள் உங்கள் கம்ப்யூட்டரில் செய்யக் கூடிய எதையும் அதுவும் செய்ய முடியும் என்பதே காரணம். சுவர் இல்லாத டேஷ்போர்டு எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஒரே வளவில் பல குடித்தனம்

ஓர் இணையப் பக்கத்திற்குள் இன்னொரு தளத்தின் பக்கத்தைக் காட்ட எச்.டி.எம்.எல். மொழியில் ஐபிரேம் என்ற குறிச்சொல் உள்ளது. 1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 வரையறையிலேயே இது இடம் பெற்றுவிட்டது. உங்களுக்குத் தெரியாமலேயே இதனை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். கல்யாண மண்டபம் ஒன்றின் தளத்தில், எப்படி வருவது என்ற இடத்தில் கூகுள் மேப் தெரிகிறது. மண்டபத்துக்காரர் அந்த மேப்பை வரையவில்லை. அவருடைய பக்கத்தில் ஒரு ஜன்னல் அளவு இடம் விடப்பட்டுள்ளது. அந்த இடத்திற்குள் வருவது கூகுள் சர்வரிலிருந்து நேராக உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும் தனிப் பக்கம்.

ஒரு வளவில் ஐந்து ஒண்டுக் குடித்தனங்கள் இருப்பதை எண்ணிப் பாருங்கள். வாசல் ஒன்று. முற்றம் ஒன்று. தண்ணீர்க் குழாய் ஒன்று. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே வீடு போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு குடித்தனத்திற்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. முற்றம் பொதுவாக இருக்கிறது என்பதற்காக, அடுத்த வீட்டு பீரோவை யாரும் திறந்து பார்ப்பதில்லை. டேஷ்போர்டு என்பது அந்த வளவு. ஒவ்வொரு ஐபிரேமும் ஒரு குடித்தனம்.

இந்தப் பூட்டிற்கு ஒரே மூல விதி என்று பெயர் சொல்லலாம். நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2ல் ஜாவா ஸ்கிரிப்ட் அறிமுகமான 1990களின் நடுப்பகுதியிலேயே இதன் தேவை உணரப்பட்டது. ஒரு பக்கத்தில் இயங்கும் ஸ்கிரிப்ட், தன்னுடைய மூலத்திலிருந்து வந்த பக்கங்களை மட்டுமே படிக்கலாம். மூலம் என்பது மூன்று விஷயங்கள் சேர்ந்தது. முகவரியின் தொடக்கத்தில் உள்ள எச்.டி.டி.பி. அல்லது எச்.டி.டி.பி.எஸ்., தளத்தின் பெயர், போர்ட் எண். இவற்றில் ஒன்று மாறினாலும் பிரவுசர் அதனை அந்நியர் வீடு என்றே கருதும். கதவைத் திறக்காது.

இந்தச் சுவர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். காலையில் வங்கித் தளத்தில் நுழைந்து பணம் அனுப்பினீர்கள். வெளியேறும் பட்டனை அழுத்தவில்லை. நீங்கள் ஏற்கனவே நுழைந்தவர் என்பதை நினைவில் வைக்க, வங்கி ஒரு குக்கீயை உங்கள் கம்ப்யூட்டரில் வைத்துள்ளது. அடுத்து சினிமாச் செய்தித் தளம் ஒன்றைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கத்தின் மூலையில், கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓர் ஐபிரேம். அதில் உங்கள் வங்கிப் பக்கம் திறக்கிறது. குக்கீ இருப்பதால் பாஸ்வேர்ட் கேட்காமலேயே திறக்கிறது. சினிமாத் தளத்தின் ஸ்கிரிப்ட் உள்ளே எட்டிப் பார்த்து, பெயர், கணக்கு எண், இருப்புத் தொகை எல்லாவற்றையும் படித்துத் தன் சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. நீங்கள் நடிகர் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் டேஷ்போர்டில் வங்கிக் கட்டம் வீட்டுக் கணக்குக் கட்டத்துடன் பேச மறுப்பதும், சினிமாத் தளம் வங்கிப் பக்கத்தைப் படிக்க முடியாமல் இருப்பதும் ஒரே விதியினால்தான். ஒன்றை விட்டுக் கொடுத்தால் மற்றதும் போய்விடும். எது உங்கள் வீட்டுக் கணக்கு, எது திருடன் என்று பிரவுசருக்குத் தெரியாது.

கட்டத்திற்குள் வரவே மறுப்பது ஏன்?

படிக்க முடியாது, சரி. ஆனால் காட்டக் கூடவா கூடாது என்று கேட்கலாம். இதற்கும் ஒரு கதை உண்டு.

2008ல் ராபர்ட் ஹேன்சன், ஜெரெமையா கிராஸ்மேன் என்ற இரு பாதுகாப்பு வல்லுநர்கள் கிளிக்ஜேக்கிங் என்ற ஆபத்தை உலகிற்கு எடுத்துக் காட்டினார்கள். ஐபிரேமில் ஒரு தளத்தைக் கொண்டு வந்து, அதனைக் கண்ணாடி போல முழுவதும் தெரியாதபடி செய்துவிடலாம். அதற்குக் கீழே வேறு ஒரு பட்டனை, பரிசு பெற இங்கே கிளிக் செய்க என்று வைத்துவிடலாம். நீங்கள் பரிசு பட்டனை அழுத்துவதாக நினைக்கிறீர்கள். உண்மையில் மவுஸ் கிளிக் மேலே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் விழுகிறது. அது பணம் அனுப்பும் பட்டனாக இருந்தால்? இங்கே யாரும் எதையும் படிக்கவில்லை. சுவர் அப்படியே இருக்கிறது. ஆனால் உங்கள் கையைப் பிடித்தே உங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பது 2009 பிப்ரவரியில் தெரிந்தது. ட்விட்டர் தளத்தில், கிளிக் செய்யாதே என்ற வாசகத்துடன் ஒரு லிங்க் பரவியது. செய்யாதே என்றால் செய்து பார்ப்பதுதானே மனித இயல்பு? அதில் சென்று அங்கிருந்த பட்டனை அழுத்தியவர்களின் பெயரில், அதே செய்தி அவர்களுக்கே தெரியாமல் ட்விட்டரில் வெளியானது. அவர்களைப் பின்தொடர்ந்தவர்கள் அதைப் பார்த்து அழுத்தினார்கள். இப்படியே பரவியது. நல்ல வேளை, போனது ஒரு வரிச் செய்திதான். பணம் அல்ல.

இதற்கு மருந்தாக, 2009ல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8ல் ஒரு வசதி தரப்பட்டது. எந்தத் தளமும் தன் பக்கத்தை அனுப்பும்போதே, என்னை வேறொருவர் பக்கத்திற்குள் வைத்துக் காட்டாதே என்று பிரவுசருக்கு ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பலாம். எக்ஸ்-பிரேம்-ஆப்ஷன்ஸ் என்பது அதன் பெயர். மற்ற பிரவுசர்களும் இதை ஏற்றுக்கொண்டன. பின்னர் இன்னும் நுணுக்கமான விதிகளும் வந்தன. இன்னின்ன தளங்கள் மட்டும் என்னை உள்ளே வைக்கலாம் என்றும் இப்போது ஒரு தளம் சொல்ல முடியும்.

உங்கள் டேஷ்போர்டில் சாம்பல் நிறக் கட்டம் தோன்றும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். குரோம் பிரவுசர் இணைய மறுத்துவிட்டது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதால், இணைப்பு கெட்டுவிட்டதோ என்ற குழப்பம் வருகிறது. பயர்பாக்ஸ் இதில் கொஞ்சம் மேல். உங்கள் பாதுகாப்பிற்காக இந்தத் தளம் பிறர் பக்கத்திற்குள் தன்னைக் காட்ட அனுமதிப்பதில்லை என்று காரணத்தைக் கூறி, புதிய விண்டோவில் திறக்க ஒரு பட்டனையும் தருகிறது. எல்லா பிரவுசர்களும் இப்படிக் காரணத்தைச் சொன்னால், சுவரை இடிக்கும் புரோகிராம்களைத் தேடி ஓடுபவர்களின் எண்ணிக்கை குறையும் என்று நம்புகிறேன்.

அந்த எக்ஸ்டன்ஷன் வேண்டாம்

தளங்கள் அனுப்பும் இந்தக் குறிப்பைப் பிரவுசரின் கண்ணில் படாமல் அழித்துவிடுவதுதான் அத்தகைய எக்ஸ்டன்ஷன்கள் செய்யும் வேலை. பதிந்தவுடன் எல்லாக் கட்டங்களும் வந்துவிடும். மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் தளத்திற்குத் தளம் பிரித்து அமைக்காவிட்டால், அது உங்கள் டேஷ்போர்டிற்கு மட்டும் பூட்டைத் திறக்கவில்லை. நீங்கள் செல்லும் எல்லாத் தளங்களுக்கும் திறந்துவிடுகிறது. 2009க்கு முன்பிருந்த நிலைக்கு உங்கள் பிரவுசர் போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. இதைப் பதியும்போது, எல்லா இணைய தளங்களிலும் உள்ள உங்கள் தகவல்கள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கப்படும். நாம் படிக்காமல் சரி என்று அழுத்திவிடுகிறோம். முகம் தெரியாத ஒருவர் எழுதிய புரோகிராமிற்கு, வளவில் உள்ள ஐந்து வீட்டு மாற்றுச் சாவியையும் தூக்கிக் கொடுப்பது போலத்தான் இது. ஒரு கட்டம் கூடுதலாகத் தெரிவதற்கு இந்த விலை மிக அதிகம்.

கதவுகள் இருக்கின்றன

தகவல் பரிமாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு நல்ல கதவுகளும் உண்டு, கெட்ட கதவுகளும் உண்டு. வேறுபாடு தெரிந்தால் போதும்.

முதல் நல்ல கதவு, போஸ்ட் மெசேஜ் எனப்படும் வசதி. 2008ல் வந்த பயர்பாக்ஸ் 3, அடுத்த ஆண்டில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 ஆகியவற்றில் இது கிடைத்தது. இன்று எல்லா பிரவுசர்களிலும் உள்ளது. இரண்டு கட்டங்களுக்கு இடையே தபால் போடுவது போன்றது இது. ஒரு கட்டம் மற்றதன் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. கடிதம் எழுதிக் கதவில் உள்ள துவாரம் வழியாகப் போடுகிறது. எடுப்பதா, கிழித்துப் போடுவதா என்பது உள்ளே இருப்பவர் முடிவு. கடையின் தளத்தில் பணம் செலுத்தும் கட்டம், பணம் வந்துவிட்டது என்ற செய்தியை மட்டும் கடைக்குத் தெரிவிக்க இதைப் பயன்படுத்தலாம். கார்டு எண் கடைக்குப் போக வேண்டியதில்லை.

நீங்களே சொந்தமாகப் பக்கம் எழுதிப் பழகுபவராக இருந்தால், இரண்டு விதிகளை மறக்க வேண்டாம். கடிதம் அனுப்பும்போது பெறுபவரின் முகவரியை முழுமையாக எழுதுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் என்று பொருள்படும் நட்சத்திரக் குறியைப் போட்டுத் தனிப்பட்ட தகவலை அனுப்பக் கூடாது. கடிதம் வரும்போது, அனுப்பியவர் யார் என்று பார்த்த பின்னரே அதை நம்புங்கள். இதற்கு மேல் இரு பக்கமும் ஒத்துழைத்தால்தான் இந்தக் கதவு வேலை செய்யும். அடுத்தவர் தளம் பேசத் தயாராக இல்லை என்றால், நீங்கள் மட்டும் கடிதம் போட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

இரண்டாவது கதவு கெட்டது. டேஷ்போர்டு நடத்துபவரிடமே உங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவது. அமெரிக்காவில் 2007ல் தொடங்கிய மிண்ட் என்ற தளம் இதற்கு எடுத்துக்காட்டு. எல்லா வங்கிக் கணக்குகளையும் ஒரே பக்கத்தில் காட்டும் வசதி அது. அதற்காக மக்கள் தங்கள் வங்கியின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அதனிடம் தந்தார்கள். 2009ல் இன்ட்யூட் நிறுவனம் இதனை வாங்கியது. 2024 மார்ச்சில் மூடியது. வசதியாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாஸ்வேர்டைக் கொடுத்தவர், இருப்பைப் பார்க்க மட்டும் என்று வரம்பு வைக்க முடியாது. பாஸ்வேர்ட் வைத்திருப்பவர் கணக்கிற்குச் சொந்தக்காரர் போலவே உள்ளே நுழையலாம்.

மூன்றாவது நல்ல கதவு, அனுமதிச் சீட்டு. 2007ல் முதல் வடிவம் பெற்ற ஓஆத் என்ற முறை இப்படி இயங்குகிறது. ஒரு காலண்டர் புரோகிராம் உங்கள் கூகுள் கணக்கிலிருந்து தகவல் கேட்டால், உங்களை கூகுளின் சொந்தப் பக்கத்திற்கு அனுப்புகிறது. பாஸ்வேர்டை அங்கேதான் தருகிறீர்கள். எதை எல்லாம் இந்த புரோகிராம் பார்க்கலாம் என்று கூகுள் பட்டியலிடுகிறது. சம்மதித்தால் ஒரு சீட்டு வழங்கப்படுகிறது. வேண்டாம் என்று தோன்றும் நாளில், கணக்கின் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று அந்தச் சீட்டை மட்டும் ரத்து செய்யலாம். பாஸ்வேர்டை மாற்ற வேண்டியதில்லை.

இதே எண்ணத்தை நம் நாட்டு வங்கித் துறையும் ஏற்றுக்கொண்டுள்ளது. அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்ற அமைப்பிற்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2016ல் வெளியிட்டது. 2021 செப்டம்பரில் அது செயல்பாட்டிற்கு வந்தது. எந்தத் தகவல், யாருக்கு, எதற்காக, எவ்வளவு காலம் என்று குறிப்பிட்டு உங்கள் சம்மதம் கேட்கப்படும். நடுவில் இருக்கும் அக்ரிகேட்டர் உங்கள் தகவலைத் தன்னிடம் சேமித்து வைக்கக் கூடாது. உங்கள் வங்கி பாஸ்வேர்டையும் கேட்கக் கூடாது. கொடுத்த சம்மதத்தை நீங்கள் திரும்பப் பெறலாம். சுவரை இடிக்காமல் கதவு வைப்பது முடியும் என்பதற்கு இது நம் வீட்டு வாசலிலேயே உள்ள சான்று.

நிறுவனங்களிடமும் ஒரு கேள்வி

இதுவரை சுவருக்காக வாதாடினேன். இனி, சுவரைச் சாக்காக வைப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

இணையப் பக்கங்கள் இரண்டு வகை. ஒன்று பீரோ. மற்றது அறிவிப்புப் பலகை. வங்கி, மின்னஞ்சல், மருத்துவ அறிக்கை ஆகியவை பீரோ. அவை பிறர் பக்கத்திற்குள் வர மறுப்பது சரியே. ஆனால் வானிலை, பேருந்து நேரம், மின்தடை அறிவிப்பு, அணையின் நீர்மட்டம் போன்றவை அறிவிப்புப் பலகை. அங்கே நுழைய பாஸ்வேர்ட் இல்லை. திருடுவதற்கு எதுவும் இல்லை. அப்படிப்பட்ட பக்கத்தையும் பூட்டி வைத்தால் அதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? எங்கள் தளத்திற்கே வந்து எங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போ என்பதுதான் பல இடங்களில் உண்மையான காரணம். வணிக நிறுவனம் அப்படி நினைப்பதையாவது புரிந்துகொள்ளலாம். பொதுமக்களின் வரிப் பணத்தில் இயங்கும் துறைகளுக்கு அந்த நியாயம் கிடையாது.

அறிவிப்புப் பலகையை எப்படித் தர வேண்டும் என்பதற்கு நல்ல வழிகாட்டிகள் உண்டு. யூ ட்யூப் ஒவ்வொரு வீடியோவிற்கும் கீழே, பிற பக்கங்களில் பதிப்பதற்கான வரியைத் தானே தருகிறது. வீடியோ வெளியிட்டவர் விரும்பாவிட்டால் அதை நிறுத்தியும் வைக்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன் மேப்பின் எந்தப் பகுதியையும் இப்படிப் பதிக்கத் தருகிறது. பாதுகாப்பும் கெடவில்லை, பயனும் குறையவில்லை. இரயில்வேயும் மின் வாரியமும் போக்குவரத்துக் கழகமும் இப்படிச் சிறு கட்டங்களைத் தாமே தந்தால், மூன்றாம் நபர்களின் சந்தேகமான தளங்களை நம் மக்கள் நாட வேண்டியிருக்காது.

இன்னொரு முரணையும் கவனிக்க வேண்டும். நாம் கேட்ட இரண்டு கட்டங்களுக்கு இடையே தகவல் போகவில்லை. ஆனால் நாம் கேட்காத இடத்தில் பல ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருந்தது. 2010 ஏப்ரலில் பேஸ்புக் தன் லைக் பட்டனைப் பிற தளங்களுக்கு வழங்கியது. அதுவும் ஒரு சிறிய ஐபிரேம்தான். நீங்கள் அதை அழுத்தாவிட்டாலும், எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள் என்ற தகவல் குக்கீயுடன் அந்த நிறுவனத்திற்குச் செல்ல முடிந்தது. சாவி நம்மிடம் இல்லை என்றால் சுவர் யாருக்குப் பயன்படும் என்பதற்கு இது சாட்சி. இதைத் தடுக்க சபாரி பிரவுசர் 2020ல் இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுமையாக நிறுத்தியது. பயர்பாக்ஸ் 2022ல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் அடைக்கும் முறையை அனைவருக்கும் கொண்டு வந்தது. கூகுள், குரோமில் இவற்றை நீக்கப் போவதாக 2020ல் அறிவித்து, 2024ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனத்திடம் சாவியை முழுமையாக ஒப்படைக்க முடியாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் செய்யக் கூடியவை

டேஷ்போர்டு அமைக்க விரும்பினால், அறிவிப்புப் பலகை வகைப் பக்கங்களை மட்டும் அதில் வையுங்கள். வானிலை, செய்தி, மேப், காலண்டர் ஆகியவை போதும். பீரோ வகைப் பக்கங்களைத் தனி டேப்பில் திறந்து, வேலை முடிந்ததும் முறையாக வெளியேறுங்கள்.

எல்லாம் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால், அதற்கு டேஷ்போர்டே வேண்டாம். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் மூன்றிலும், பிரவுசர் தொடங்கும்போது நீங்கள் குறிப்பிடும் பல பக்கங்களைத் தனித்தனி டேப்களில் திறக்கும்படி செட்டிங்ஸ் பகுதியில் அமைக்கலாம். இரண்டு விண்டோக்களை அருகருகே வைத்துப் பார்க்க, விண்டோஸ் கீயுடன் இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் போதும்.

மேலே உள்ள அட்ரஸ் பாரில் தெரிவது வளவின் முகவரி மட்டுமே. உள்ளே இருக்கும் கட்டத்தின் முகவரி அதில் தெரியாது. எனவே ஏதேனும் ஒரு பக்கத்தின் நடுவே உள்ள சிறு கட்டம் உங்கள் மின்னஞ்சல் அல்லது வங்கி பாஸ்வேர்டைக் கேட்டால், தர வேண்டாம். அந்தத் தளத்தின் முகவரியை நீங்களே புதிய டேப்பில் டைப் செய்து நுழையுங்கள். கடைத் தளங்களில் பணம் செலுத்தும் கட்டம் இப்படி உள்ளே வருவது வழக்கம்தான். அப்போது கடையின் முகவரி சரிதானா என்று பாருங்கள். ஓ.டி.பி. எண்ணைத் தரும் முன், அந்த எஸ்.எம்.எஸ். செய்தியில் உள்ள தொகையையும் கடையின் பெயரையும் படித்துவிடுங்கள்.

சுவரை நீக்கும் எக்ஸ்டன்ஷன் ஏதேனும் உங்கள் பிரவுசரில் இருந்தால் இன்றே நீக்குங்கள். மூன்று மாதத்திற்கு ஒரு முறை, உங்கள் கூகுள் அல்லது மைக்ரோசாப்ட் கணக்கின் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, எந்த எந்த புரோகிராமிற்கு அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். எப்போதோ ஒரு விளையாட்டிற்காகக் கொடுத்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கலாம். பயன்படுத்தாதவற்றை ரத்து செய்யுங்கள்.

சாம்பல் நிறக் கட்டம் அடுத்த முறை தோன்றும்போது ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் பீரோவா, அறிவிப்புப் பலகையா? பீரோ என்றால், பூட்டு சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகப் புதிய டேப்பைத் திறந்துகொள்ளுங்கள். அறிவிப்புப் பலகை என்றால், அந்தத் தளத்தை நடத்துபவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பதிக்கத் தக்க ஒரு கட்டத்தைத் தரும்படி கேளுங்கள். நூறு பேர் கேட்டால் ஒரு துறையாவது தரும்.